இரண்டு டபுள்கள்

ஒரு ஃபங்ஷனிலிருந்து இரண்டு மதிப்புகள் திரும்ப வர வேண்டுமென்றால், சி ஷார்ப்பில் முன்பெல்லாம் அவுட் பாராமீட்டர் வைப்போம்; இல்லையென்றால் அதற்கென்றே ஒரு குட்டி கிளாஸ் எழுதுவோம். 2010இல் டாட்நெட் 4 டியூப்பிளைக் கொண்டுவந்தது. ஒரே வரியில் வேலை முடிகிறதே என்று எங்களுக்கெல்லாம் அவ்வளவு சந்தோஷம். ஆனால் உள்ளே இருப்பவற்றுக்கு ஐட்டம்1, ஐட்டம்2 என்றுதான் பெயர். எழுதியவருக்கு அன்றைக்கு எல்லாம் விளங்கும். பிறகு அந்தக் கோடைத் திறப்பவர், அநேகமாகப் புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளை, எதை வைத்துப் புரிந்துகொள்வார்?

எங்கள் குழுவில் ஒரு பெண் இருந்தாள், நல்ல சூட்டிகை. "சார், டைப்பெல்லாம் சரியா இருக்கு, கம்பைலும் ஆகுது. அப்புறம் எப்படித் தப்பு வரும்?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். ஸ்ட்ரிங்கும் இன்ட்டும் இடம் மாறினால் கம்பைலர் அங்கேயே பிடித்து நிறுத்திவிடும். இரண்டுமே டபுள் என்றால் அது என்ன செய்யும், பாவம்! சென்னையின் அட்சரேகை 13.08, தீர்க்கரேகை 80.27. மாற்றிப் போட்டுப் பாரும்மா என்றேன். வரைபடத்தில் புள்ளி ஸ்வால்பார்டு பக்கம் ஆர்க்டிக் கடலில் போய் விழுந்தது. நாம் அட்சரேகையை முதலில் சொல்லிப் பழகியவர்கள்; ஜியோஜேசானிலோ தீர்க்கரேகைதான் முதலில் வரும். இந்த இடறல் யாருக்கும் நேரக்கூடியது.

2017இல் சி ஷார்ப் 7 வந்தபோது டியூப்பிளின் உறுப்புகளுக்குப் பெயர் வைக்க வழி பிறந்தது. படிப்பவருக்கு அது பெரிய உதவி. ஆனாலும் அந்தப் பெயர்களைக் கம்பைலர் காவல் காப்பதில்லை. பெயர் வரிசை மாறிய இன்னொரு டியூப்பிளில் தூக்கிப் போட்டாலும் பேசாமல் ஏற்றுக்கொள்ளும். ஜாவா அந்தப் பக்கமே போகவில்லை. 2021இல் ஜாவா 16இல் ரெக்கார்டு தந்தது, அதில் ஒவ்வோர் உறுப்புக்கும் பெயர் வைத்தே தீர வேண்டும். அது எனக்குப் பிடித்த பிடிவாதம்.

டியூப்பிளை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. ஒரு லூப்பில் சிறியதையும் பெரியதையும் சேர்த்து எடுக்க, இரண்டு வேரியபிள்களை இடம் மாற்ற, அதைவிட வசதி வேறில்லை. ஒரு ஃபங்ஷனுக்குள் பிறந்து அங்கேயே முடிகிறவரை நல்லது. நாலு பேர் கைக்குப் போகும் மதிப்பென்றால் தனி டைப் கொடுத்துவிடுங்கள், வருகிறவர்கள் தவிக்க வேண்டாம்.

அந்தப் பெண் அட்சரேகைக்கு ஒன்று, தீர்க்கரேகைக்கு ஒன்று என்று இரண்டு குட்டி ஸ்ட்ரக்ட் எழுதிக் கம்பைல் செய்தாள். நாங்கள் யாரும் சந்தேகப்படாத ரிப்போர்ட் மாட்யூலில் சிவப்புக் கோடு விழுந்தது. அங்கேயும் இரண்டும் இடம் மாறித்தான் கிடந்தன.