கோரைத் தெரு

முசிறிக்குப் பக்கத்தில், காவிரிக் கரையை ஒட்டிய தெரு. இருபுறமும் கோரை காய்கிறது. மேற்கே மேகம் கூடிவிட்டதால் எல்லோர் கையிலும் வேகம்; நனைந்தால் கோரை கறுத்துப்போகும், பாய்க்கு ஆகாது. அறுபது வயதிருக்கும் அம்மா ஒருவர் குனிந்து அள்ளிக் கட்டுகிறார். நிமிரும்போதெல்லாம் கண்ணை மூடிக் கொஞ்சம் நின்றுகொள்கிறார்.

தோளில் பையோடு ஒரு பெண் வருகிறார். வீட்டுக்கே வந்து மருத்துவம் பார்க்கும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவத்தின் தன்னார்வலர். ஊர் மகளிர் குழுவில் இருப்பவர்.

"பெரியம்மா, கையக் குடுங்க. பிரஷர் பாக்கணும்."

"இரு கண்ணு, இந்தக் கட்டப் போட்டுர்றேன்."

அவர் அவசரப்படுத்தவில்லை. தானும் இரண்டு பிடி அள்ளிக் கொடுக்கிறார். பிறகு திண்ணையில் உட்காரவைத்து, மூச்சு அடங்கும்வரை பேச்சுக் கொடுத்துவிட்டுக் கையில் பட்டையைச் சுற்றுகிறார். 160-க்கு 100.

"மாத்திர விட்டுட்டீங்களா?"

"போன தடவ நீ வந்தப்ப மக வீட்டுல இருந்தேன். ஆசுபத்திரிக்குப் போனா அன்னிக்குக் கூலி போச்சே."

அரசு மருத்துவமனையில் மாத்திரைக்குக் காசு கிடையாது. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அந்த மாத்திரைகளை மொத்தமாக வாங்கி ஊர் ஊராகச் சேர்க்கிறது. நாட்டுக்கே முன்மாதிரியான ஏற்பாடு. இருந்தும் பஸ், வரிசை, காத்திருப்பு என்று கழியும் ஒரு பகலுக்கு விலை உண்டு. அதைக் கொடுப்பது கூலிக்காரர்தான். வரிசையில் நிற்பவர்களுக்காக மட்டும் மருத்துவமனையைச் சீர்செய்தால் இந்த அம்மா யார் கண்ணிலும் படமாட்டார். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் 2024-இல் ஐ.நா. விருது பெற்றது. விருதைவிட, பையிலிருந்து வெளிவரும் மாத்திரை அட்டைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

"இன்னிக்கே ஆரம்பிச்சுருங்க. டாக்டரம்மாகிட்டயும் சொல்லிவைக்கிறேன், ஒரு தடவ பாக்கணும்."

உள்ளே கட்டிலில் வாதம் வந்து படுத்திருக்கும் கணவர். பிசியோதெரபி செய்பவர் சொல்லிக்கொடுத்தபடி காலை மடக்கி நீட்டச் சொல்கிறார் தன்னார்வலர். கால் பாதி மடங்குகிறது.

"போன மாசத்துக்கு இது தேவல."

தன்னார்வலருக்குக் கிடைப்பது ஊக்கத்தொகை. சம்பளமாக அது எப்போது மாறும் என்று தெரியவில்லை. இத்தனை வீட்டு நோயையும் தெரிந்துவைத்திருப்பவருக்கு அந்த நியாயமும் சேரவேண்டும்.

கடைசி வீடு பூட்டியிருக்கிறது. வாழைத்தார் வெட்டப் போயிருக்கிறார்களாம்.

"ஆறு மணிக்கு வந்துருவாங்களா?"

"ஏழாகும்," என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

"அப்ப ஏழுக்கு வர்றேன்னு சொல்லுங்க."