ஒலக்கையும் மிசினும்

கிராமத்துப் பெண்கள் எதனால் தொழில் தொடங்குகிறார்கள்? பயிற்சி வகுப்புகளில் இதற்கு ஆயத்தமாக ஒரு விடை வைத்திருக்கிறார்கள்: தன்னம்பிக்கை, தலைமைப் பண்பு, கனவு. லாபத்தோடு ஊர் நன்மையையும் பார்க்கிறவளுக்குச் 'சமூகத் தொழில்முனைவோர்' என்று ஒரு பட்டமும் உண்டு. கொல்லிமலையில், பெரக்கரை நாட்டுப் பெண்களிடம் இதே கேள்வியைக் கேட்டேன். இந்த மூன்று சொல்லில் ஒன்றுகூட வரவில்லை. வயதான அம்மா ஒருவர் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார். "சாமை குத்திக் குத்திக் காச்சுப்போன கையி கண்ணு. மிசினு வந்தா ஒலக்கையக் கீழ போடலாமுன்னு சங்கத்துல சேந்தோம். வேற என்னத்துக்கு?"

இந்த விடையை நாம் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நாமக்கல் மாவட்டத்தின் இந்த மலையில் பெரக்கரை, வாழவந்தி, தின்னனூர், வளப்பூர் என்று 14 நாடுகள். வாழ்கிறவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். சாமையும் தினையும் பனிவரகும் கேழ்வரகுமே இவர்களின் சோறும் களியும். பிறகு கீழ்நாட்டு சேகோ ஆலைகளுக்காகக் குச்சிக்கிழங்கு மலையேறியது. காட்டில் பாதியை அது பிடித்துக்கொண்டது. ரேஷன் அரிசியும் வந்தது. சனங்களுக்கு ருசி மாறிவிட்டது, அதனால்தான் சாமை அழிந்தது என்று எழுதுகிறார்கள். சாமையின் உமி கெட்டி, மணியோ பொடி. அதைக் குத்திப் புடைத்து அரிசியாக்குவது முழுக்கப் பெண்ணின் வேலை, கூலி இல்லாத வேலை. காட்டு வேலை முடித்து வந்தவள் உரலடியில் மறுபடியும் நிற்க வேண்டும். இதை எழுதாமல் ருசியைப் பற்றி மட்டும் எழுதுவது ஆண்கள் எழுதும் வரலாறு.

1990-களிலிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இந்த மலையில் சிறுதானியங்களைக் காக்க வேலை செய்து வருகிறது. விதையைக் காப்பாற்ற வேண்டுமானால் முதலில் பெண்ணின் தோளைக் காப்பாற்ற வேண்டும் என்பது அந்த வேலையினூடே தெளிவானது. உமி நீக்கும் சிறு இயந்திரங்கள் மலைக்கிராமங்களில் சுயஉதவிக் குழுக்களின் பொறுப்புக்கு வந்தன. அக்கம்பக்கத்தார் சாமை கொண்டுவந்து அரைத்தார்கள், அரவைக் கூலி கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் மாவு, பொட்டலம், விற்பனை, கூட்டமைப்பு எல்லாம். பாரம் இறங்கியது முதலில், வியாபாரம் வந்தது பின்னால். பாடப்புத்தகம் இந்த வரிசையைத் தலைகீழாக்கிச் சொல்கிறது.

ஆனால் மிசின் வந்தாலே விடுதலை என்று நான் சொல்ல மாட்டேன். நான் சமவெளிக்காரி, சேரியில் பிறந்தவள். என் பாட்டி ஆண்டை வீட்டு நெல்லைக் குத்தியவள். கூலி நொய்யும் தவிடும். கைக்குத்தலைக் காப்பாற்றுவதற்கென்று 1958-இல் அரிசி ஆலை ஒழுங்குமுறைச் சட்டம் போட்டார்கள். சட்டம் காகிதத்தில் இருக்க, எங்கள் ஊருக்கு ரைஸ் மில் வந்தது. வைத்தவர் அதே ஆண்டை. பாட்டியின் கை ஓய்ந்தது, கூடவே அடுப்பும் ஓய்ந்தது. "தவிட்டுக்கும் வழியத்துப் போச்சே" என்று கடைசிவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். மேலே மலையிலும் கீழே சேரியிலும் உலக்கையை ஓய வைத்தது இயந்திரம்தான். அங்கே அதன் சாவி பெண்களிடம் இருந்தது. இங்கே ஆண்டையின் இடுப்பில் தொங்கியது.

பழங்குடிப் பெண்களைக் குழுவாகக் கூட வைக்கிற இன்னொரு காரணத்தையும் சொல்ல வேண்டும். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், 2(2) பிரிவின்படி, பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது. 2005-இல் மகள்களுக்குச் சமபங்கு தந்த திருத்தமும் அந்த வேலியைத் தாண்டவில்லை. இதை மாற்றுவது பற்றி ஆராயும்படி 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. பெரக்கரை நாட்டில் இளம்பெண் ஒருத்தி சட்டம் எதுவும் படிக்காமலே சொன்னாள்: "காட்டுப் பட்டா அவரு பேருல. வூடு அவரு பேருல. சங்கத்து நோட்டுல மட்டுந்தாக்கா எம் பேரு இருக்குது." தன் பெயரில் ஒன்று வேண்டும் என்கிற இந்தத் தவிப்பை எந்தப் பயிற்சிக் கையேட்டின் 'உந்துசக்தி' பட்டியலிலும் நான் பார்த்ததில்லை.

2023-ஐ ஐ.நா. சபை உலகச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. ஏழைகளின் கஞ்சி நகரத்துக் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறிவிட்டது. விலை ஏறும்போது பெரிய முதலும் பெரிய மிசினும் பின்னாலேயே வரும், ரைஸ் மில் வந்ததைப் போல. அப்போது மலைப்பெண் மறுபடியும் வெறும் தானியம் விற்கிறவளாக ஆக்கப்படலாம். இன்னொரு பக்கம், ஊட்டச்சத்து, விதைப் பாதுகாப்பு என்று அரசு செய்ய வேண்டியதையெல்லாம் 'சமூக'த்தின் பெயரால் அவள் தலையிலேயே ஏற்றிவிட்டுப் பாராட்டுப் பத்திரம் கொடுக்கிறார்கள். உலக்கையை இறக்கி வைத்தவளுக்கு இது வேறொரு பாரம்.

ஆகவே தோழர்களே, அடுத்த முறை சேரியிலோ மலையிலோ பெண்களைக் கூட்டி உட்கார வைக்கும்போது அவர்களின் கனவு என்ன என்று தொடங்க வேண்டாம். எந்த வேலை உன் கையைத் தேய்க்கிறது, அதற்கான மிசின் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்போம். விடை அவர்களிடம் இருக்கிறது. பட்டாவையும் கடனையும் கொள்முதல் விலையையும் அவர்கள் பெயருக்கு வாங்கித் தரும் போராட்டத்தில் கூட நிற்பது நம்முடைய வேலை.