எருமை இறங்கிய குளம்

பிப்ரவரி 6, வெள்ளி. புதுக்கோட்டை

அக்காவுக்கு நேற்று வலது கண்ணில் புரை எடுத்தார்கள். இன்று காலை கட்டைப் பிரித்து, கறுப்புக் கண்ணாடி மாட்டி அனுப்பிவிட்டார்கள். குனியக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, அடுப்படிப் பக்கம் போகக் கூடாது. ஒரு நாளைக்கு ஆறு தடவை சொட்டு மருந்து. அந்தச் சொட்டை ஊற்றத்தான் பத்து நாள் லீவு போட்டுச் சென்னையிலிருந்து வந்திருக்கிறேன்.

ஒரு சொட்டு ஊற்ற அரை நிமிஷம். மீதி நேரத்தை என்ன செய்வது? சமையலை அக்கா மருமகள் பார்த்துக்கொள்கிறாள். மார்ச் கணக்கு முடிக்கிற பரபரப்பு உடம்பை விட்டு இன்னும் இறங்கவில்லை. உட்கார்ந்தால் எழச் சொல்கிறது, எழுந்தால் போனைத் தேடச் சொல்கிறது. பத்தாவது தடவை எடுத்தபோது அக்கா கேட்டுவிட்டாள்.

"அந்தக் கருமத்தத் தூக்கி அந்தாண்ட வையிடி. கண்ணு தெரியாத நானே சும்மா இருக்கேன், உனக்கென்ன?"

பைக்குள் மகள் விட்டுப்போன படம் வரையும் புத்தகமும் கேம்லின் கலர் பெட்டியும் இருக்கின்றன. கல்லூரிக்குப் போகும்போது அவள் கழித்துவிட்டவை. தூக்கிப் போட மனம் வராமல் எடுத்து வந்தேன். பெட்டியில் பச்சை பாதிதான் இருக்கிறது. கறுப்பு தொடாமல் இருக்கிறது.

பிப்ரவரி 7, சனி

காலைச் சொட்டை ஊற்றிவிட்டு, அக்கா மகளின் ஸ்கூட்டியில் சித்தன்னவாசல் போனேன். ஊரிலிருந்து 16 கிலோமீட்டர். வழியில் தைலமரக் காடுகள். அவை விலகுகிற இடத்தில், சமதரையில் நீளவாக்கில் ஒரு மொட்டைப் பாறை எழுந்து நிற்கிறது. ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவாக இங்கே வந்திருக்கிறேன். புளிச்சாதப் பொட்டலமும், வரிசை கலைந்ததற்கு வாங்கிய திட்டும்தான் ஞாபகத்தில் இருந்தன. ஓவியம் ஞாபகத்தில் இல்லை.

அறிவர் கோயில் பாறையின் மேற்குச் சரிவில் குடைந்த சின்னக் கோயில். ஒரு மண்டபம், அதற்குள் சதுரமாக ஒரு கருவறை. வெயிலிலிருந்து உள்ளே வந்ததும் கண் இருட்டியது. கொஞ்ச நேரம் நின்றேன். முதலில் தெரிந்தது மேற்கூரையில் பச்சை. பிறகு அந்தப் பச்சைக்குள் வட்ட வட்டமாக இலைகள், அவற்றின் நடுவே தாமரைகள், மொட்டும் மலர்ந்ததுமாக. அப்புறம் மீன். அன்னம். யானை. தண்ணீருக்குள் கோவணத்தோடு நிற்கிற ஆண்கள் மூன்று பேர். ஒருவர் பூப்பறிக்கிறார், பூக்கூடை கையில் தொங்குகிறது. இன்னொருவர் தோளில் தாமரைக் கட்டைச் சாத்தியிருக்கிறார்.

குளத்தைத் தலைக்கு மேலே தூக்கி வைத்திருக்கிறார்கள். பார்க்கிற நாம் குளத்தின் அடியில் நிற்கிறோம்.

கழுத்து வலித்தது. சுவரோரம் தரையில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தேன். காவல் பார்க்கிற அண்ணன் எட்டிப் பார்த்தார். "பென்சில் மட்டும்தானேம்மா? கலரு உள்ள வேணாம்" என்றார். சரியென்றேன். பத்து நிமிஷத்தில் மூன்று இலை போட்டேன். மூன்றும் அப்பளம் மாதிரி இருந்தன. மனசு வேறெங்கோ கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது. இதற்கா பெட்ரோல் போட்டு வந்தோம் என்றுகூடத் தோன்றியது.

கிளம்பும்போது அந்த அண்ணன் கருவறைக்குள் உட்காரச் சொன்னார். "வாயை மூடிக்கிட்டு 'ம்'முனு சொல்லிப் பாருங்க." சொன்னேன். என் தொண்டையில் கிளம்பிய சின்ன முனகல் கல்லெல்லாம் பரவி, முதுகு வழியாகத் திரும்பி வந்தது. ஒரு சுருதிக்கு மட்டும்தான் அறை பதில் சொல்கிறது, கொஞ்சம் கூட்டினாலும் குறைத்தாலும் விட்டுவிடுகிறது. அதைத் தேடிக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை. வெளியே வந்தபோது மணி ஒன்று.

பன்னிரண்டு மணிச் சொட்டு தவறிவிட்டது. வீட்டுக்குப் பறந்தேன். அக்கா தானே ஊற்றிக்கொண்டிருந்தாள், முக்கால்வாசி கன்னத்தில்.

பிப்ரவரி 8, ஞாயிறு

இன்று விடுமுறைக் கூட்டம் இருக்கும் என்று கருக்கலிலேயே போய், பாறையின் மேலே ஏறினேன். கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு சரிவில் நடந்தால் ஏழடிப்பட்டம். இயற்கையான குகைக்குள் தரையில் 17 கல் படுக்கைகள். சிலவற்றில் தலைமாட்டில் கல்லையே தலையணை போல உயர்த்தி விட்டிருக்கிறார்கள். தொட்டுப் பார்த்தேன், வழவழவென்று இருக்கிறது. ஒரு படுக்கையில் தமிழிக் கல்வெட்டு, கி.மு. 1ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்கு வேறு ஊர்க்காரர் ஒருவர் செய்து கொடுத்த இருக்கை என்பது அதன் சாரம். எங்கிருந்தோ வந்த சமணத் துறவிக்குப் படுக்க இடம் செதுக்கிக் கொடுத்துவிட்டு, அதை இரண்டு வரியில் எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

குகை வாயிலில் உட்கார்ந்தேன். கீழே வயல்களில் பனி விலகவில்லை. ஒரு மயில் அகவியது, அது நின்ற பிறகுதான் எவ்வளவு அமைதி என்று தெரிந்தது. இங்கே படுத்தவர்கள் பேச்சைக் குறைத்து, சாப்பாட்டைக் குறைத்து, கடைசியில் உடம்பையே விட்டவர்கள். எனக்கு அந்த அமைதி எட்டாது, வேண்டவும் வேண்டாம். அரை மணி நேரம் போனைத் தேடாமல் உட்கார்ந்திருந்தது போதும்.

இறங்கும்போது பாறையில் அம்பு குத்திய இதயங்கள், ஜோடிப் பெயர்கள். கல்லைக் கண்டால் எழுதத் தோன்றுவது மட்டும் இரண்டாயிரம் வருஷமாக மாறவில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

தாமரை இலையை வரைய வேண்டுமென்றால் தாமரை இலையைப் பார்க்க வேண்டும். இது புரிய மூன்று நாளாயிற்று. அத்தானிடம் கேட்டேன். அன்னவாசல் போகிற வழியில் ஒரு கண்மாயில் இருக்கிறது என்றார்.

ஏழு மணிக்கு மடைப் பக்கம் கரையில் துண்டை விரித்து உட்கார்ந்தேன். அல்லி இலை தண்ணீரோடு படிந்து கிடக்கிறது. தாமரை இலை அப்படியில்லை. தண்டு தூக்கிப் பிடிக்க, ஒரு முழம் மேலே குடை மாதிரி நிற்கிறது. காற்று வந்தால் ஒரு பக்கம் மடங்கி அடிப்பக்கம் வெளுப்பாகத் தெரிகிறது. மேல் பக்கத்தில் பனித்துளிகள் ஒட்டாமல் உருள்கின்றன. இலை சாய்ந்ததும் எல்லாம் நடுக்குழிக்கு ஓடி ஒன்றாகின்றன. பூ ஒன்றுக்குள் வண்டு நகர்ந்தது. தாமரைப் பூ குளிரிலும் தன் நடுப்பகுதியை 30 டிகிரிக்கு மேல் சூடாகவே வைத்திருக்கும் என்று எப்போதோ படித்தேன். ராத்தங்கிய வண்டுக்கு அது கணப்பு.

கண்மாய்த் தண்ணீரையே பெட்டி மூடியில் மொண்டு கலர் கரைத்தேன். பச்சை தீர்ந்துகொண்டு வந்ததால் மஞ்சளும் நீலமும் கலந்தேன். அது கடையில் வாங்கிய பச்சையைவிடக் கண்மாய்க்குக் கிட்டத்தில் இருந்தது. இலை இப்போது அப்பளமாக இல்லை.

எட்டரைக்கு எருமைகள் இறங்கின. வரையலாம் என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். மூக்கும் கொம்பும் மட்டும் வெளியே, மீதியெல்லாம் தண்ணீருக்குள். கொம்பின் பின்வளைவைப் பென்சில் இழுக்கும்போது, எங்கிருந்து வந்ததோ, மேலக்குளம் வந்தது.

எனக்கு ஆறு வயசு. அக்காவுக்குப் பன்னிரண்டு. அவள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எருமை முதுகில் உட்கார்ந்திருக்கிறாள். எருமை ஆழத்துக்குப் போகிறது. நான் கரையில் அவளுடைய பைக்கட்டை அணைத்துக்கொண்டு நிற்கிறேன். அவள் கொம்பைப் பிடித்தபடி சாய்ந்து சாய்ந்து தாமரை பறிக்கிறாள். வெயில், சேற்று நாற்றம், எருமை விடுகிற பெருமூச்சு. திரும்பி வந்தபோது அவள் முழங்காலுக்கு மேலே சிவப்புச் சிவப்பாகக் கீறல். அப்பத்தா தேங்காயெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவிக்கொண்டே வைதது.

நாற்பத்தெட்டு வருஷம் இது என்னிடம் இருந்தது, எனக்குத் தெரியாமல். நினைத்துப் பார் என்றால் வந்திருக்காது. கை அந்த வளைவைப் போட்ட பிறகுதான் வந்தது. எதற்காகப் பறித்தாள் என்பது மட்டும் வரவில்லை.

பிப்ரவரி 11, புதன்

மறுபடி அறிவர் கோயில். இந்தத் தடவை மாலையில் போனேன். மேற்குப் பார்த்த வாசல், வெயில் தானே உள்ளே வந்தது. அன்றைக்கு நான் சரியாகப் பார்க்காத ஒன்று இன்று கண்ணில் நின்றது. இந்தக் குளத்தில் எருமைகள் இருக்கின்றன.

இது சாதாரணக் குளமில்லை. தீர்த்தங்கரர் உபதேசிக்கும் சமவசரணம் என்ற தெய்வ சபைக்குப் போகிற வழியில் உள்ள குளம், பூப்பறிக்கிறவர்கள் பவ்வியர் என்னும் அடியார்கள் என்று சமண நூல் தெரிந்தவர்கள் விளக்கியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட குளத்தில் யானையும் அன்னமும் இருப்பது சரி, எருமைக்கு என்ன வேலை? வரைந்தவன் பார்த்த குளத்தில் எருமை இருந்தது, அவ்வளவுதான். தேவலோகத்துக் குளத்தை யாரும் பார்த்ததில்லை. வரை என்றதும் அவன் கைக்குத் தெரிந்த குளத்தைத்தான் போட்டிருப்பான். இது என் ஊகம்தான். ஆனால் நேற்றைக்குப் பிறகு எனக்கு அதில் சந்தேகமில்லை.

1920 வாக்கில் கோபிநாத ராவும், பிரெஞ்சு ஆய்வாளர் ழுவோ துப்ரேயும் எடுத்துச் சொன்ன பிறகுதான் இந்த ஓவியங்கள் வெளியே தெரிந்தன. முதலில் மகேந்திரவர்ம பல்லவன் காலம் என்றார்கள். பிறகு இங்குள்ள கல்வெட்டைப் படித்து, பாண்டியன் அவனிபசேகரன் ஸ்ரீவல்லபன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் கோயிலைப் புதுப்பித்தான் என்று கண்டார்கள். புதுப்பித்தவன் பெயர் இருக்கிறது. எருமை வரைந்தவன் பெயர் இல்லை. அவனிடம் இருந்தது சுண்ணாம்புப் பூச்சு, காவி, மஞ்சள் மண், பச்சை மண், கரி என்று சிலதுதான். என் மகளின் பெட்டியில் அதைவிட நிறைய நிறம் இருக்கிறது.

தூண்களில் ஆடும் பெண்கள் பாதிக்கு மேல் மங்கிவிட்டார்கள். கூரையிலும் அங்கங்கே உதிர்ந்து வெறும் கல் தெரிகிறது. குளம் வற்றுகிற மாதிரிதான், ஓரத்திலிருந்து.

இன்று ஒரு மணி நேரம் வரைந்தேன். இடையில் ஆபீஸ் ஒரு தடவைகூட வரவில்லை. வரவில்லை என்பதே வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. மனசை அடக்க நான் எதுவும் செய்யவில்லை. அந்த இலை எந்தப் பக்கம் மடங்குகிறது என்று பார்க்கிற வேலை அதற்குக் கிடைத்தது, அது பேசாமல் இருந்துவிட்டது. சின்னப் பிள்ளையிடம் பயறு உடைக்கக் கொடுப்பது போல.

பிப்ரவரி 12, வியாழன்

செக்கப். கண் நன்றாக இருக்கிறது என்றார்கள். இடது கண்ணில் இன்னும் புரை, அது அடுத்த மாதம். சாயங்காலம் திண்ணையில் அக்கா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இலையெல்லாம் தனித்தனியா தெரியுதுடி. நான் ஒரே பச்சையா இருக்குன்னுல்ல நெனச்சிக்கிட்டிருந்தேன்."

கண்மாய்ப் படத்தைக் காட்டினேன். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"மேலக்குளமா?"

"இல்லக்கா, அன்னவாசப் பக்கம். ஆனா வரையும்போது மேலக்குளம்தான் ஞாபகம் வந்துச்சு. நீ எருமை மேல ஏறிப் பூப்பறிச்சியே, அப்பத்தாகூட வஞ்சுச்சே. எதுக்குக்கா பறிச்ச?"

"எதுக்கா? நீதான் கேட்ட! ஒன்னாப்பு டீச்சரு மாத்தலாகிப் போறாங்க, தாமரப்பூ குடுக்கணும்னு மூணு நாளு அழுத. அழுக தாங்காமத்தான் நான் எறங்குனேன்."

அந்த டீச்சர் முகம் எனக்கு நினைவில் இல்லை. அழுததும் நினைவில் இல்லை. கீறலை மட்டும் வைத்துக்கொண்டு காரணத்தை விட்டிருக்கிறேன். அது இத்தனை நாளும் அக்காவிடம் இருந்திருக்கிறது.

அவள் படத்தை மறுபடி கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். "எல்லாஞ் சரி. தண்ட ஏன் இப்படி வழவழன்னு போட்டிருக்க? சொணை இருக்குமே."

"கரையிலேர்ந்து தெரியலக்கா."

"கரையில நின்னா எப்புடித் தெரியும்?"

பிப்ரவரி 14, சனி

நாளை இரவு ரயில். சொட்டு மருந்தை எப்படி ஊற்ற வேண்டும் என்று மருமகளுக்குக் காட்டிக் கொடுத்தேன். படத்தை அக்கா கேட்டாள், காலண்டர் ஆணியில் மாட்ட வேண்டுமாம்.

கொடுப்பதற்கு முன்னால் பென்சிலையும் அவள் கையில் கொடுத்தேன். எனக்கென்னடி வரையத் தெரியும் என்றாள். மார்கழி முப்பது நாளும் வாசலில் புள்ளி வைக்கிற கை. படத்தை மடியில் சாய்த்து, பொத்திய கண்ணும் திறந்த கண்ணுமாக, ஒவ்வொரு தண்டிலும் கீழிருந்து மேலே குத்திக் குத்திக்கொண்டு போனாள். கோடு விலகவில்லை. எருமைக்குப் பக்கத்தில் வந்ததும் நிறுத்தி, தன் முழங்காலுக்கு மேலே புடவையோடு ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டாள். பிறகு மீதித் தண்டுகளுக்கும் சொணை வைத்தாள்.

ஆறு மணிச் சொட்டுக்கு இன்னும் கால் மணி இருந்தது.