வண்டி நின்ற ஊர்கள்

ராமநாதபுரம் சீமையில் மலை கிடையாது. ராமேஸ்வரத்தில் கெந்தமாதன பர்வதம் என்று ஒன்றைக் காட்டுவார்கள். போய்ப் பார்த்தால் அது ஒரு மணல்மேடு. மேலே ஒரு மண்டபம், உள்ளே ராமர் பாதம். மண்டபத்தின் மாடியில் நின்றால் தீவும் கடலும் தெரியும் என்பது உண்மைதான். இருந்தாலும் அந்த மேட்டுக்குப் பர்வதம் என்று பேர் வைத்தவர் எங்கள் பக்கத்துக்காரராகத்தான் இருந்திருப்பார். கண்ணுக்கெட்டிய மட்டும் தட்டையாகக் கிடக்கிற பொட்டலில் பிறந்தவனுக்குப் பனைமர உயரமே பெரிய உயரம்.

ஆனால் இலங்கை மலையூர்களின் பெயர்களை நான் முதன்முதலில் கேட்டது இந்தக் கடற்கரையில்தான். அட்டன், பதுளை, பண்டாரவளை, நாவலப்பிட்டி. எழுபதுகளில் தலைமன்னாரிலிருந்து 'ராமானுஜம்' கப்பல் ராமேஸ்வரத்துக்கு வரும். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளர்கள் அதிலிருந்து இறங்குவார்கள். தகரப்பெட்டி, பாய்ச் சுருட்டு, இடுப்பில் பிள்ளை. எங்கள் ஊர் வெயிலிலும் சில கிழவர்கள் கம்பளிக் கோட்டைக் கழற்ற மாட்டார்கள். "எந்த ஊருங்க?" என்று கேட்டால் தமிழ்நாட்டில் இருக்கும் பூர்வீக ஊரைச் சொல்வதில்லை. அட்டன் என்றோ பதுளை என்றோதான் சொல்வார்கள். அவர்களை மண்டபம் முகாமுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து பல மாவட்டங்களுக்கும் பிரித்து அனுப்பினார்கள். நீலகிரியில் 'டான்டீ' தேயிலைத் தோட்டங்களை அரசு 1968இல் தொடங்கியதே இவர்களுக்கு வேலை கொடுக்கத்தான். மலையிலிருந்து இறங்கி, கடலைத் தாண்டி, மறுபடியும் மலைக்கே போனவர்கள் பலர். நடுவில் அவர்கள் கால் வைத்த தட்டை நிலம் எங்களுடையது.

அண்மையில் பால்கன் நாடுகளின் மலையூர்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் இதெல்லாம் கிளறிக்கொண்டு வந்தது. பல்கேரியாவில் செப்டெம்வ்ரி என்னும் ஊரிலிருந்து டோப்ரினிஷ்டே வரை சுமார் 125 கிலோமீட்டருக்கு ஒரு குறுகிய ரயில்பாதை இருக்கிறது. மலைகளுக்குள் வளைந்து வளைந்து, 1,267 மீட்டர் உயரத்தில் அவ்ரமோவோ என்ற சின்ன நிலையத்தில் நின்று, மெதுவாகப் போகிற வண்டி இன்றைக்கும் ஓடுகிறது. செர்பியாவில் ஷார்கன் மலைப்பாதையை 1974இல் மூடினார்கள்; பிறகு மனசு கேட்காமல் அதன் ஒரு பகுதியைச் சுற்றுலாவுக்காக மறுபடி போட்டார்கள். வெளியுலகம் அதிகம் அறியாத அந்த ஊர்கள் பயணிகளின் கண்ணில் படுவதற்குக் காரணம் ஒன்றுதான். வண்டி அங்கே நிற்கிறது. நிற்கிற வண்டியிலிருந்து யாராவது இறங்குவார்கள், டீ குடிப்பார்கள், ஊரைச் சுற்றுவார்கள்.

எங்கள் மீட்டர்கேஜ் பாசஞ்சரும் அப்படித்தான் நிற்கும். மானாமதுரை தாண்டி, பரமக்குடி, சத்திரக்குடி, ராமநாதபுரம், வாலாந்தரவை, உச்சிப்புளி, மண்டபம் கேம்ப், மண்டபம், பாம்பன். கரி இன்ஜின் காலம். ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணில் கரித்தூள் விழும், அப்பத்தா முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்து ஊதிச் சூடாக்கி ஒத்தடம் கொடுப்பாள். ஆனாலும் ஜன்னலை விட்டுத்தர மாட்டேன்.

உச்சிப்புளியில் வண்டி நின்றதும் பதநீர்க்காரர் வருவார். குருத்தோலையை இரண்டாக மடித்து, நுனியைச் சேர்த்து ஈர்க்கில் கட்டினால் பட்டை தயார். தோணி வடிவத்தில் கையில் வந்து உட்காரும். அதில் கலயத்திலிருந்து பதநீரைச் சாய்ப்பார். காசு கொஞ்சம் கூடக் கொடுத்தால் நுங்கைக் கட்டைவிரலால் நோண்டி அதிலேயே போடுவார். அவர் கை சுத்தமா என்று அந்தக் காலத்தில் யாரும் கேட்டதாக நினைவில்லை. பட்டையின் இரு விளிம்பையும் பிடித்து அண்ணாந்து குடிக்க வேண்டும். பச்சை ஓலை வாசனையும் சுண்ணாம்பின் லேசான காரமும் பதநீரோடு தொண்டைக்குள் இறங்கும். குடித்து முடிப்பதற்குள் கார்டு ஊதிவிடுவார். பட்டையை ஜன்னல் வழியே எறிந்தால் ஆடு வந்து தின்றுவிடும். இன்று அதே ஊரில் பதநீர் பிளாஸ்டிக் டம்ளரில் வருகிறது. டம்ளரை ஆடு தின்பதில்லை என்பது மட்டுமல்ல, ருசியும் வேறு.

மண்டபம் தாண்டியதும் பெட்டிக்குள் பேச்சு நின்றுவிடும். பாலம். 1914 பிப்ரவரியில் திறந்த, இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான இரும்புப் பாலம். இருபுறமும் தடுப்புக் கிடையாது. ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தால் நேரே தண்ணீர். வண்டி ஊர்ந்துதான் போகும். அப்பத்தா, "கும்பிட்டுக்கடா, சேதுவைத் தாண்டுறோம்" என்று என் தலையை அழுத்துவாள். பெட்டியில் பாதிப்பேர் காசை வெளியே எறிவார்கள். அந்தக் காசில் பாதி தூக்குப்பாலத்து இரும்பில் 'டங்' என்று பட்டுத் தெறிக்கும். கப்பல் வரும்போது அந்த ஷெர்சர் தூக்குப்பாலத்தை மின்சாரம் இல்லாமல் ஆட்களே திறப்பார்கள். இரும்புத் தண்டைப் பற்களில் செருகிப் பிடித்துக்கொண்டு, செக்கு சுற்றுகிற மாதிரி சுற்றிச் சுற்றி வருவார்கள். இரண்டு இறக்கையும் மெல்ல மெல்ல மேலே எழும்.

பாம்பன் அப்போதே தன் பழைய மவுசை இழந்திருந்தது. அது ஒரு காலத்தில் ஜங்ஷன். பிரதான பாதை தனுஷ்கோடிக்குப் போனது, ராமேஸ்வரம்தான் கிளைப்பாதை. இதைச் சொன்னால் இன்றைக்குச் சின்னப்பிள்ளைகள் நம்புவதில்லை. எழும்பூரில் டிக்கெட் வாங்கினால் போதும். போட் மெயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து 'இர்வின்' அல்லது 'கோஷன்' கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு. எல்லாம் அந்த ஒரே டிக்கெட்டில். கொழும்பில் கடையில் வேலைபார்த்த எங்கள் தாத்தா அப்படித்தான் போய்வந்தார். அவருக்குத் தனுஷ்கோடி என்றால் கோதண்டராமரும் இல்லை, புண்ணிய தீர்த்தமும் இல்லை. சுங்கச் சாவடி, தபாலாபீஸ், பொரித்த மீன் விற்கும் கடை. பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லும் அதிகாரிகளைப் பற்றி அவர் சொல்லும் வசைகளை இங்கே எழுத முடியாது.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலோடு அது முடிந்தது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் வண்டி, உள்ளே இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலுக்குள் போனது. பாலத்தின் 126 கண்களை அலை அடித்துக்கொண்டு போக, தூக்குப்பாலம் மட்டும் தப்பியது. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் 46 நாளில் பாலத்தைச் சரிசெய்து வண்டியை ஓட்டினார்; பின்னால் கொங்கண் ரயிலும் டெல்லி மெட்ரோவும் கட்டிய அதே ஸ்ரீதரன்தான். ராமேஸ்வரம் பாதை பிழைத்தது. தனுஷ்கோடிப் பாதையை யாரும் திரும்பப் போடவில்லை. குடியிருக்க லாயக்கில்லாத இடம் என்று அரசு அறிவித்துவிட்டுப் போய்விட்டது.

அதன்பிறகும் ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது என்று முன்பே சொன்னேன். கண்டோஸ் சாக்லேட்டும் ராணி சந்தன சோப்பும் எங்கள் வீட்டுக்கு வந்தது அதில்தான். சரக்குக்காகவே போய்வந்தவர்களைக் 'குருவி' என்பார்கள். ராத்திரியில் திருச்சி வானொலியைவிட இலங்கை வானொலிதான் எங்களுக்குத் தெளிவாகக் கேட்கும், கே.எஸ்.ராஜாவின் குரலைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அந்தப் பக்கம் வெளிநாடு என்று தோன்றியதே இல்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் அங்கே கலவரம் வெடித்ததும் கப்பல் நின்றது. நின்ற இடத்தில் அகதிகள் வந்து இறங்கினார்கள். தோட்டத் தொழிலாளர்கள் தங்கிய அதே மண்டபம் முகாம் அவர்களுக்கானதாயிற்று. அங்கேயே பிறந்து, அங்கேயே கல்யாணம் முடித்து, இன்னும் முகவரியில் 'முகாம்' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ரயில் போகாத ஊர்களுக்குப் பஸ். அப்பத்தாவின் தங்கச்சி ஒருத்தி திருப்புல்லாணியில் வாழ்க்கைப்பட்டிருந்ததால் அந்தத் தடம் எங்களுக்குப் பழக்கம். ஆதிஜெகநாதப் பெருமாள் கோயில் பாயசத்துக்காகவே நான் கூடப் போவேன். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சேதுக்கரை. இன்னும் தெற்கே போனால் கீழக்கரை.

கீழக்கரையை முதலில் பார்த்தபோது இது வேறு சீமை என்றே நினைத்தேன். உயரமான மதில், அகலமான திண்ணை, உள்ளே போகப் போக நீளும் வீடு. வள்ளல் சீதக்காதி என்று பள்ளிக்கூடத்தில் படித்தவரின் ஊர் இது என்று பின்னால்தான் தெரிந்தது. பழைய ஜும்ஆ பள்ளிவாசலின் கல்தூண்களைப் பார்த்தால் நம் கோயில் மண்டபத்துத் தூண்கள்தான். சிலை மட்டும் இருக்காது. பூவும் கொடியும் இருக்கும். முத்துக்குளித்தல் மன்னார் வளைகுடாவில் 1961க்குப் பிறகு நடக்கவில்லை. ஆனால் சங்குக்குளிப்பு நடந்துகொண்டிருந்தது. இங்கே மூச்சடக்கி எடுக்கிற சங்கு வங்காளத்துக் கல்யாணப் பெண்ணின் கையில் வளையலாக ஏறும்.

அந்த ஊரில் ஒரு வீட்டு முற்றத்தில் தொதல் கிண்டுவதைப் பார்த்திருக்கிறேன். பெரிய சட்டி, அதில் தேங்காய்ப்பால், அரிசிமாவு, கருப்பட்டிப் பாகு. இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி நீளமான துடுப்பால் கிண்டிக்கொண்டே இருந்தார்கள். கை நின்றால் அடிப்பிடித்துவிடும். மணிக்கணக்கில் கிண்டிய பிறகு எண்ணெய் பிரிந்து, கறுத்து, துடுப்பில் ஒட்டாமல் சுருண்டு வரும். ஆறவைத்து ஓலைக்கொட்டானில் போட்டு மூடித் தருவார்கள். கொட்டானின் பின்னல் தடம் தொதலின் மேல் அப்படியே பதிந்திருக்கும். கொட்டான் பின்னுகிற கைகள் குறைந்துவிட்டன. தொதல் இப்போது நெகிழிப் பெட்டியில் வருகிறது.

நான் பழைய பாலத்துக்காக ஒப்பாரி வைக்கிறவன் அல்ல. உப்புக்காற்று இரும்பைத் தின்னும். 2022 டிசம்பரில் அதில் வண்டியை நிறுத்தியது சரியான முடிவுதான். 2025 ஏப்ரலில் திறந்த புதுப்பாலத்தின் தூக்கு, லிப்ட் மாதிரி நேராக மேலே ஏறுவதைப் பார்க்க எனக்கும் ஆசைதான். 2007இல் அகலப்பாதை வந்தபோதும் யாரும் வருத்தப்படவில்லை. தனுஷ்கோடிக்கு 2017இல் தார்ச்சாலை வந்தது நல்லதே. அதற்கு முன்னால் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து மணலில் வேனில் போனவர்களின் இடுப்பைக் கேட்டால் தெரியும். என் வருத்தம் வேறு. பாதை சுகமாக ஆக ஆக, வழியில் இருந்த ஊரெல்லாம் காணாமல் போய்விட்டது. இன்றைக்கு வருகிறவர்கள் இருபத்திரண்டு தீர்த்தம் ஆடுகிறார்கள், பேய்க்கரும்பில் கலாம் நினைவிடம் பார்க்கிறார்கள், அரிச்சல்முனையில் படம் எடுக்கிறார்கள், சாயங்காலமே கிளம்பிவிடுகிறார்கள். தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்று வளர்கிறது என்பதோ, குந்துகாலில்தான் 1897 ஜனவரியில் விவேகானந்தர் கரையிறங்கினார் என்பதோ அவர்களுக்குத் தெரியாது. வாடைக் காற்றுக்கு ஒரு கடல், கச்சானுக்கு ஒரு கடல் என்று பாம்பன் மீனவர்கள் கரை மாற்றித் தொழில் செய்வதைப் பார்க்க, அந்த ஊரில் ஒரு ராத்திரியாவது படுத்து எழுந்திருக்க வேண்டாமா?

பல்கேரியாக்காரர்கள் ஐந்து மணிநேரம் எடுக்கும் வண்டியை வைத்துக்கொண்டு வெட்கப்படவில்லை. நாம் எதற்கு இவ்வளவு அவசரப்படுகிறோம் என்று எனக்குப் புரியவில்லை.

மதுரையிலிருந்து ராமேஸ்வரத்துக்குப் பாசஞ்சர் வண்டி இன்னும் இருக்கிறது. அடுத்த முறை அதில் ஏறுங்கள். ராமநாதபுரத்தில் இறங்கி ஒரு ராத்திரி தங்குங்கள். ராமலிங்க விலாசத்துச் சுவரோவியங்களைப் பாருங்கள். ரோமானியப் பானையோடுகள் கிடைத்த அழகன்குளம் பக்கத்தில்தான் இருக்கிறது. நவபாஷாணக் கற்கள் கடலுக்குள் நிற்கிற தேவிபட்டினமும் தூரமில்லை. மறுநாள் காலையில் கீழக்கரை பஸ் பிடித்தால் திருப்புல்லாணி வழியிலேயே வரும். கீழக்கரையில் தொதல் வாங்கும்போது கருப்பட்டியில் கிண்டியதா, சீனியில் கிண்டியதா என்று கேட்டு, கருப்பட்டித் தொதலையே வாங்குங்கள். ஓலைக்கொட்டானில் தரச்சொல்லிக் கேளுங்கள். நாலுபேர் கேட்டால்தான் பின்னுகிறவர்கள் பின்னுவார்கள்.