மேலே ஓடும் படம்

2008 மே மாதம் நியூ ஜெர்சியிலிருந்து ஒரு பார்சல் வந்தது. அக்கா அனுப்பியது. மாமாவோடு வேலை பார்த்த ஒருவர் வேலூருக்கு லீவில் வந்தபோது கையோடு கொண்டுவந்து கொடுத்தார். ஒரு பாதாம் பாக்கெட், ஆயாவுக்கு ஒரு சால்வை, இரண்டு டிவிடி. ஒன்று கடையில் வாங்கிய ஹாலிவுட் கார்ட்டூன் படம், எனக்கு. இன்னொன்றில் மார்க்கர் பேனாவால் 'பாப்பா' என்று தமிழில் எழுதியிருந்தது. அது ஆயாவுக்கு.

எங்கள் ஊர் திருமலை. குந்தவை ஜினாலயமும், பாறையில் செதுக்கிய 16 மீட்டர் நேமிநாதரும் இருக்கிற அதே திருமலைதான். திருப்பதி என்று நினைத்துக்கொண்டு "லட்டு எங்கடா?" என்று கேட்காத நண்பனே எனக்குக் கிடையாது. அப்பா ஆரணி முதலாளி ஒருவருக்குக் கூலிக்குப் பட்டு நெய்தார். வீட்டின் முன்கட்டு முழுக்கத் தறி. தறிக்கும் சுவருக்கும் நடுவில் மிச்சமிருந்த இடத்தில் டிவி. ஆரணியில் பழசாக வாங்கிய பெட்டி அது. டிவிடி பிளேயர் மட்டும் புதுசு, பெயர் தெரியாத சீனத் தயாரிப்பு.

முதலில் பாப்பா டிஸ்க்கைத்தான் போட்டோம். படம் வந்தது, ஆனால் கறுப்பு வெள்ளையில். அதுவும் நிற்கவில்லை. கீழேயிருந்து மேலே உருண்டு போய்க்கொண்டே இருந்தது. நடுவில் ஒரு கறுப்புப் பட்டை. பட்டைக்கு மேலே பாப்பாவின் கால், கீழே தலை. சத்தம் மட்டும் துல்லியம். "ஆயா, இங்க பாருங்க, உங்க கொள்ளுப்பேத்தி" என்று அக்கா பேசுவது பக்கத்தில் நின்று பேசுவது போலக் கேட்டது.

ஆயா டிவிக்கு ரொம்பப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "இன்னாடா இது, புள்ள மேலயே ஓடிகினே கீது?"

நான் அப்போது இரண்டாம் வருஷ இன்ஜினியரிங் முடித்திருந்தேன். எலக்ட்ரானிக்ஸ் பேப்பரில் நல்ல மார்க். தெரியாது என்று சொல்ல வாய் வராத வயசு. கார்ட்டூன் டிஸ்க்கை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். அது படமே காட்டவில்லை. உலக உருண்டை ஒன்றும், இந்த ரீஜனில் ஓடாது என்ற அறிவிப்பும் வந்து நின்றன. எனக்கு விடை கிடைத்துவிட்டது. "ஆயா, இது அமெரிக்கா டிஸ்க். லாக் பண்ணி அனுப்பறாங்க. நம்ம ஊர்ல ஓடாது. நான் ஒடைச்சுத் தரேன்."

தறிக்குழியில் உட்கார்ந்திருந்த அப்பா அதுவரை ஒன்றும் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பூட்டுன்னா உள்ளயே வுடாது. இது உள்ள வந்துட்டு ஓடுதே. கோடு கணக்கு ஒத்துக்கலபோலக் கீதுடா" என்றார்.

நான் சிரித்தேன்.

*

நான் சொன்னதில் பாதி உண்மை. ரீஜன் பூட்டு நிஜமாகவே இருந்தது. டிவிடி வந்தபோது ஹாலிவுட் கம்பெனிகள் உலகத்தை ஆறாகப் பிரித்தன. அமெரிக்காவும் கனடாவும் 1. மேற்கு ஐரோப்பாவும் ஜப்பானும் 2. தென்கிழக்கு ஆசியா 3. ஆஸ்திரேலியாவும் தென் அமெரிக்காவும் 4. சீனா 6. நாம் 5: ரஷ்யா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி, வட கொரியா எல்லாரோடும் சேர்த்து. ஒரே படம் ஒவ்வொரு நாட்டிலும் வெவ்வேறு தேதியில் தியேட்டருக்கு வரும், வெவ்வேறு விலைக்கு டிஸ்க்காக விற்கும். ஒரு ஊரில் வாங்கிய டிஸ்க் இன்னொரு ஊரின் வியாபாரத்தைக் கெடுக்கக்கூடாது. அவ்வளவுதான் காரணம். இதில் தொழில்நுட்பக் கட்டாயம் எதுவும் இல்லை. டிஸ்க்கில் ஒரு எண், பிளேயரில் ஒரு எண், இரண்டும் ஒத்துப்போனால் ஓடும்.

இந்தக் கணக்கைத் தமிழர்கள் மேல் வைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் அப்பா அம்மா 5. லண்டனில் அண்ணன் 2. டொராண்டோவில் தங்கை 1. சிங்கப்பூரில் சித்தப்பா 3. சிட்னியில் மாமா 4. ஒரு குடும்பம், ஐந்து ரீஜன். லண்டன் ஐங்கரன் போன்றவர்கள் வெளியிட்ட தமிழ்ப்பட டிவிடிகள் பலவற்றில் 'ஆல் ரீஜன்ஸ்' என்று அச்சிட்டிருந்ததற்குப் பெருந்தன்மை காரணமில்லை. வாங்குகிறவன் எல்லா ரீஜனிலும் சிதறிக் கிடந்தான்.

பூட்டை உடைப்பதும் அப்படியொன்றும் பெரிய வித்தையில்லை. ஆரணியில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடினேன். மலிவான பிளேயர்கள் பலவற்றில் ஒரு ரகசிய மெனு உண்டு. தட்டை வெளியே தள்ளிவிட்டு ரிமோட்டில் சில எண்களை வரிசையாக அழுத்தினால் அது திறக்கும். அதில் ரீஜனை 0 ஆக்கிவிட்டால் பிளேயர் எந்த டிஸ்க்கையும் கேள்வி கேட்காது. என் பிளேயருக்கான எண் மூன்றாவது நாள் கிடைத்தது. சைக்கிளில் வீட்டுக்கு வந்து கார்ட்டூன் டிஸ்க்கைப் போட்டேன். உலக உருண்டை வரவில்லை. படம் ஓடியது. கறுப்பு வெள்ளையில், கீழேயிருந்து மேலே.

அந்த நிமிஷம் எனக்குப் புரிந்திருக்க வேண்டும். பூட்டு திறந்துவிட்டது, ஆனாலும் படம் நிற்கவில்லை என்றால் கோளாறு வேறு எங்கோ இருக்கிறது. ஆனால் நான் என்ன முடிவுக்கு வந்தேன் தெரியுமா? பூட்டு பாதிதான் திறந்திருக்கிறது என்று. மிச்சப் பாதிக்கான எண்ணைத் தேடி இன்னும் இரண்டு வாரம் அலைந்தேன்.

தடயங்கள் நிறையவே இருந்தன. ஜூனில் ஹாஸ்டலுக்குத் திரும்பியதும் நண்பனின் கம்ப்யூட்டரில் இரண்டு டிஸ்க்கையும் போட்டேன். கார்ட்டூனுக்கு மட்டும் கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தது. டிரைவின் ரீஜனை மாற்ற வேண்டும் என்று கேட்டது. 2000-க்குப் பிறகு வந்த டிரைவ்களில் ஐந்து முறைதான் அப்படி மாற்ற முடியும், அதற்கப்புறம் கடைசியாக வைத்த எண்ணிலேயே உறைந்துவிடும். பாப்பா டிஸ்க்குக்கு எந்தக் கேள்வியும் இல்லை. கலரில், ஆடாமல் அசையாமல், 40 நிமிஷமும் ஓடியது. வீட்டில் எடுத்து வீட்டிலேயே எழுதிய டிஸ்க்கில் யார் பூட்டுப் போடுவார்கள்?

இன்னொரு தடயம் அக்காவே போனில் கொடுத்தது. "நம்ம கல்யாண டிவிடி இங்க டிவியில வரவே மாட்டேங்குதுடா. லேப்டாப்புல போட்டா மட்டும் வருது." ஆரணி ஸ்டூடியோவில் எழுதிக் கொடுத்த டிஸ்க் அது. "அந்த ஊர் லாக் அப்படித்தான்க்கா" என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். நாங்கள் அனுப்பியது அங்கே ஓடவில்லை, அவர்கள் அனுப்பியது இங்கே ஓடவில்லை. நடுவில் நிபுணனாக நான்.

*

அப்பா சொன்னதுதான் சரி. கோடு கணக்கு.

நம்முடைய பழைய டிவியில் படம் என்பது 625 கிடைக்கோடுகள். ஒரு நொடிக்கு 25 முழுப் படம். ஒவ்வொன்றும் ஒற்றைப்படைக் கோடு ஒரு முறை, இரட்டைப்படைக் கோடு ஒரு முறை என்று இரண்டு பாதியாக வரும். ஆக நொடிக்கு 50 தடவை திரை மேலிருந்து கீழே வரையப்படும். இது பால் முறை. ஜெர்மனியில் டெலிஃபுங்கன் நிறுவனத்தில் வால்டர் புரூக் உருவாக்கியது. 1982-இல் ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி இந்தியாவுக்குக் கலர் வந்தபோது இதுதான் வந்தது. அமெரிக்காவின் முறை என்டிஎஸ்சி. 525 கோடு, நொடிக்குக் கிட்டத்தட்ட 60 தடவை. 50, 60 என்பவை அந்தந்த நாட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணை ஒட்டி முடிவானவை. யாரும் யாரையும் தடுப்பதற்காகப் போட்டதில்லை. அவரவர் கரண்டுக்கு ஏற்ப அவரவர் தறி.

என்டிஎஸ்சி படத்தைப் பால் மட்டும் தெரிந்த டிவியில் விட்டால் என்ன ஆகும்? ஒரு கோட்டை வரைய ஆகும் நேரம் இரண்டு முறையிலும் ஏறத்தாழ ஒன்றுதான்: நொடிக்கு 15,625 கோடு இங்கே, 15,734 அங்கே. அதனால் படம் பக்கவாட்டில் கிழிவதில்லை. பாப்பாவின் முகம் முகமாகவே தெரிந்தது அதனால்தான். ஆனால் டிவி 50-க்குக் காத்திருக்க, படம் 60-இல் வந்து இறங்குகிறது. ஒரு படம் முடியும் முன்பே அடுத்தது தொடங்கிவிடுவதால் உருள்கிறது. கலர்த் தகவல் ஏறிவருகிற அலை பாலில் 4.43 மெகாஹெர்ட்ஸ், என்டிஎஸ்சியில் 3.58. டிவி தேடுகிற இடத்தில் கலர் இல்லை. எனவே கறுப்பு வெள்ளை. சத்தம் வேறு வயரில் வருவதால் அதற்கு ஒரு பாதிப்பும் இல்லை.

இதையெல்லாம் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அப்பாவுக்கு எப்படித் தெரிந்தது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அவர் தறியின் தலைமேல் ஜக்கார்டு பெட்டி இருந்தது. துளை போட்ட அட்டைகளை வரிசையாகக் கோத்து அதில் மாட்டுவார்கள். எந்தத் துளையில் எந்த இழை ஏற வேண்டும் என்பதுதான் டிசைன். 240 கொக்கிப் பெட்டிக்கு வெட்டிய அட்டையை 120 கொக்கிப் பெட்டியில் மாட்ட முடியாது. இழை நெருக்கம் மாறினால் அதே அன்னம் சப்பையாகும், இல்லையென்றால் நீளும். அட்டையில் தப்பில்லை, பெட்டியிலும் தப்பில்லை, கணக்கு ஒத்துவரவில்லை என்பது அவருக்கு வாரம் ஒரு முறை வருகிற சமாச்சாரம். வெளிநாட்டுப் பூட்டு என்று அவர் யாரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை.

*

ஹாஸ்டல் கம்ப்யூட்டரிலேயே அந்த டிஸ்க்கை மாற்றி எழுதிக் கொண்டுபோயிருக்கலாம். ஒரு ராத்திரி வேலை. முப்பது ரூபாய் டிஸ்க். "அடுத்த லீவுக்குப் பாத்துக்கலாம்" என்று வைத்தேன். செமஸ்டர் வந்தது, பிராஜெக்ட் வந்தது. நான் பார்த்துவிட்டேன் அல்லவா, அதனால் அவசரம் போய்விட்டது.

ஆயா அதற்காகக் காத்திருக்கவில்லை. மத்தியானம் அப்பா சாப்பிட எழுந்து தறிச் சத்தம் நின்றதும் டிஸ்க்கைப் போடச் சொல்வாராம். அம்மா போட்டுவிடுவார். படம் மேலே ஓடிக்கொண்டிருக்கும். ஆயா கொஞ்ச நேரம் பார்ப்பார், பிறகு கண்ணை மூடிக்கொள்வார். ரேடியோ போலக் கேட்பார். பாப்பா அழுகிற இடம், தும்முகிற இடம், அக்கா தாலாட்டு மறந்து பாதியில் நிறுத்துகிற இடம் எல்லாம் அவருக்கு மனப்பாடம். நிறுத்துகிற இடத்தில் ஆயா அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பாராம்.

2009 தை மாதம் ஆயா இறந்தார்.

2010-இல் எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தோடு ஊருக்கு வந்தபோது பழைய ரிமோட் உயிரை விட்டிருந்தது. ஆரணியில் நூறு ரூபாய்க்கு அதே மாதிரி ஒன்று வாங்கினேன். பஸ்ஸில் வரும்போது சும்மா திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மியூட்டுக்குக் கீழே ஒரு பட்டன். 'என்/பி' என்று போட்டிருந்தது.

வீட்டுக்கு வந்து பழைய ரிமோட்டைத் தேடி எடுத்தேன். தூசு படாமல் இருக்க அம்மா பிளாஸ்டிக் உறை போட்டு ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தார். உறையைக் கழற்றினேன். அதே இடத்தில் அதே பட்டன். எழுத்து பாதி அழிந்திருந்தது. 'என்' மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அதன் மேல்தான் இத்தனை நாளும் ரப்பர் பேண்ட் கிடந்தது.

பாப்பா டிஸ்க்கைப் போட்டேன். படம் மேலே ஓடியது. புது ரிமோட்டில் அந்தப் பட்டனை அழுத்தினேன். திரை ஒரு நொடி இருண்டது. அப்புறம் நின்றது. கலர் வந்தது. பிளேயரே கோடு கணக்கை மாற்றிக் கொடுத்துவிட்டது. அசைவில் லேசான திக்கல், அவ்வளவுதான். பாப்பாவின் கவுன் மஞ்சள் நிறம் என்பது வீட்டுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்பா தறியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "நின்னுடுச்சு" என்றார். எப்படி என்று கேட்கவில்லை. நான் ரிமோட்டைக் காட்டி விளக்க ஆரம்பித்தேன், 50, 60 என்று. "ம்" என்று கேட்டுக்கொண்டார். அக்கா தாலாட்டை நிறுத்துகிற இடம் வந்ததும் அம்மா சமையல்கட்டுக்கு எழுந்து போனார்.

*

பூட்டுகள் இல்லை என்று நான் சொல்லவில்லை. இப்போதும் டிஸ்க் வாங்குகிறவன் நான். சத்யஜித் ராயின் அப்பு மூன்று படங்களின் நெகட்டிவ்கள் 1993-இல் லண்டன் லேப் தீவிபத்தில் கருகின. அமெரிக்காவின் அகாடமி ஆவணக்காப்பகமும் கிரைட்டீரியனும் இத்தாலியின் பொலோன்யா லேப்போடு சேர்ந்து பல வருஷம் அவற்றைச் சீர்செய்து 2015-இல் வெளியிட்டார்கள். அந்த ப்ளூ-ரே செட்டை வாங்கினேன். அது ரீஜன் ஏ. இந்தியா சி. நிஷ்சிந்திபுரத்தின் மழையை இந்தியாவில் வாங்கிய என் பிளேயர் காட்ட மறுத்துவிட்டது. அது உண்மையான பூட்டு. அதற்குக் கோபப்படலாம். நானும் கோபப்பட்டு, பிறகு திறந்துகொண்டேன்.

ஆனால் வேலையிடத்தில் இரண்டு சிஸ்டம் பேசிக்கொள்ளவில்லை என்று யாராவது வந்து நிற்கும்போது, "அவங்க வேணும்னே பிளாக் பண்றாங்க" என்று எடுத்ததும் சொன்னால், நான் அவரை உட்காரவைத்து ஒரு கேள்வி கேட்கிறேன். உள்ளே விடவே இல்லையா, உள்ளே வந்துவிட்டு ஓடுகிறதா? பாதி பேருக்கு அதிலேயே விடை கிடைத்துவிடுகிறது. அது யாருடைய கேள்வி என்று நான் சொல்வதில்லை.

போன வருஷம் பாப்பா ஊருக்கு வந்திருந்தாள். காலேஜ் போகிற வயது. என் அலமாரியில் அந்த டிஸ்க்கைப் பார்த்து, அதன்மேல் அக்கா எழுதியிருந்த தன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். என் மாமாவாக்கும் என்று போட்டுக் காட்டினேன். தாலாட்டு நிற்கிற இடத்தில், "அம்மா ஏன் நிறுத்திட்டாங்க?" என்றாள்.

மறந்துட்டா, என்றேன். அடுத்த வரி ஆயாவுக்குத் தெரியும்.