லார்க்கினிலிருந்து வாழை இலைக்கு

ஜொகூர் பாருவுக்குப் போகும் நம்மவர்கள் கண்ணாடிக் கோயில் எனப்படும் ராஜகாளியம்மன் கோயிலைப் பார்த்துவிட்டு, அப்படியே சிங்கப்பூருக்குப் பாலம் ஏறிவிடுவார்கள். கால்பந்துப் பித்தனான நான் ஒரு நாளை அங்குள்ள இரண்டு மைதானங்களுக்காக ஒதுக்கினேன்.

முதலாவது, வெளியூர் பஸ் நிலையம் இருக்கும் லார்க்கின் பகுதியில் உள்ள ஹசான் யூனோஸ் அரங்கம். 1964-ல் திறக்கப்பட்டது. 1997 நவம்பர் 16 அன்று ஈரானை 3-2 என வென்று, ஜப்பான் முதன்முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது இங்கேதான். அந்த இரவை ஜப்பானியர்கள் இன்றும் 'ஜொகூர் பாருவின் ஆனந்தம்' என்கிறார்கள்.

ஜொகூரில் முன்பு இரண்டு பெரிய அணிகள் இருந்தன. மாநில அணி லார்க்கினில் ஆடியது. ஜொகூர் கார்ப்பரேஷனின் அணிக்குத் துறைமுக நகரமான பாசிர் கூடாங் சொந்த ஊர். 2013-ல் இளவரசர் துங்கு இஸ்மாயில் தலைமையில் பணமும் திறமையும் ஒரே அணியில் குவிக்கப்பட்டன. அந்த அணிதான் ஜேடிடி. முதல்நிலை ஆட்டங்கள் லார்க்கினுக்கு வந்தன. பாசிர் கூடாங் தன் அணியை இழந்தது.

பலன் கிடைக்காமல் இல்லை. 2014-ல் தொடங்கி மலேசிய லீக் பட்டம் வருடா வருடம் ஜேடிடிக்குத்தான். 2015-ல் ஏஎஃப்சி கோப்பையை வென்ற முதல் தென்கிழக்கு ஆசிய அணியும் அதுவே. நம் தமிழ்ப் பிள்ளை குணாளனும் அந்தச் சீருடையில் ஆடியிருக்கிறார்.

2020-ல் ஜேடிடி லார்க்கினையும் விட்டு, இஸ்கந்தர் புத்ரி என்ற புதுநகரத்துக்குக் குடிபெயர்ந்தது. 40,000 பேர் அமரக்கூடிய சுல்தான் இப்ராஹிம் அரங்கம்தான் நான் பார்த்த இரண்டாவது மைதானம். வாழை இலையை மனதில் வைத்து வடிவமைத்தார்களாம். இரவு விளக்கில் அசத்துகிறது.

அங்கே என்னை அழைத்துப்போன தமிழ் ஓட்டுநர் சொன்னார்: "லார்க்கின்ல இருந்தப்ப வேலை முடிஞ்சு மோட்டார்ல நேரா மேட்சுக்குப் போயிருவேன் அண்ணே. இப்ப பிள்ளைங்களோட கார்லதான் வரணும். ஆனா இதப் பார்த்தா பெருமையாத்தான் இருக்கு."

பெருமை, தூரம் இரண்டுமே உண்மை. புது அரங்கம் விளம்பரதாரர்களை ஈர்க்கும், சுற்றியுள்ள நிலத்தின் மதிப்பைக் கூட்டும். பழைய பேட்டையில் ஆட்ட நாளை நம்பிக் கடை போட்டவரின் நஷ்டம் எந்தக் கணக்கிலும் ஏறாது.

நமக்கும் இது புதிதல்ல. 2018-ல் காவிரிப் போராட்டத்தின்போது சிஎஸ்கேவின் 6 உள்ளூர் ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. ரசிகர்கள் தனி ரயிலேறிப் பின்னால் போனார்கள். அது ஒரு சீசனோடு முடிந்தது. லண்டனின் விம்பிள்டன் அணியை 2003-ல் சுமார் 90 கிலோமீட்டர் தள்ளியுள்ள மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோனபோது நிலைமை வேறு. ரசிகர்கள் முந்தைய ஆண்டே சொந்தமாக ஒரு கிளப் தொடங்கிவிட்டார்கள். அது 2020-ல் பழைய தெருவுக்கே திரும்பியது.

ஜேடிடி அந்த அளவுக்குப் போகவில்லை. ஜொகூரை விட்டு வெளியேறவில்லை. அணி வளர இடம் மாறுவதைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் மாற்றும் முன் ரசிகர்களைக் கேட்க வேண்டும். ஆட்டம் முடிந்த இரவில் கார் இல்லாதவர் வீடு திரும்ப பஸ் வேண்டும். கைவிட்டுப் போகும் ஊருக்குச் சிறுவர் அணியாவது மிஞ்ச வேண்டும். இது மூன்றுக்கும் ஆகும் செலவு, ஒரு வெளிநாட்டு வீரரின் சம்பளத்தைவிடப் பெரிதாக இருக்காது.

அடுத்த முறை ஜொகூர் போனால், கோயிலோடு இந்த இரண்டு மைதானங்களையும் பாருங்கள். லார்க்கினை முதலில் பாருங்கள்.