தீர்மானப் புத்தகத்துல ஏறுச்சா?

கிராம சபைன்னா மரத்தடியில நாலு பெரியவங்க உட்கார்ந்து தீர்ப்பு சொல்றதுன்னு பட்டணத்துல பலர் நினைக்கிறாங்க. அது சினிமா. கிராம சபையில ஊர் வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கிற எல்லாருமே உறுப்பினர். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 அன்னிக்குக் கூடும். 2022-லேர்ந்து மார்ச் 22, நவம்பர் 1-ம் சேர்ந்துடுச்சு.

எங்க ஆரணிப் பக்கம் வயலும் தறியும் ஒட்டியே இருக்கும். ஒரு வீட்டு வாசல்ல பொன்னி நெல் காயும், எதிர் வீட்டுல பட்டுத் தறி ஓடும். அதனால சபையில வர்ற சண்டை பெரும்பாலும் தண்ணியைப் பத்தித்தான். பட்டு நூலை சோப்பும் சோடாவும் போட்டு வேகவெச்சுப் பசையை எடுத்துட்டு அப்புறம் சாயம் போடுவாங்க. அந்தத் தண்ணி கால்வாய்ல இறங்கினா ஏரிக்கு வரும். ஏரியிலேர்ந்து என் நெல்லுக்கு வரும்.

ஆகஸ்ட் 15 கூட்டத்துல எழுந்து இதைச் சொன்னேன். நெசவு செய்ற தம்பி ஒருத்தர் உடனே, "அண்ணா, பட்டறையை மூடச் சொன்னா எங்க தறி நிக்கும். தண்ணியை எங்க விடுறதுன்னு நீங்களே சொல்லுங்க"ன்னார். அவர் கேட்டதும் நியாயம்தான். சின்னப் பட்டறைக்காரர் தனியா சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியுமா? எல்லாருக்கும் பொதுவா ஒண்ணு கேட்போம்னு பேசிப் பேசி ரெண்டு பேரும் ஒரு வழிக்கு வந்தோம். கடைசியில புத்தகத்தைப் பார்த்தா, "சுகாதாரம் குறித்து விவாதிக்கப்பட்டது"ன்னு ஒரே வரி! திருத்தி எழுதின பிறகுதான் கையெழுத்துப் போட்டோம்.

எழுத்துக்கு அவ்வளவு மதிப்பா? மேலூர் அரிட்டாபட்டிப் பக்கம் 2024 நவம்பர்ல டங்ஸ்டன் சுரங்கம் வேணாம்னு கிராம சபைகள்ல தீர்மானம் போட்டாங்க. 2025 ஜனவரியில மத்திய அரசு ஏலத்தை ரத்து பண்ணுச்சு. போராட்டமும் பெரிசா நடந்துச்சு, தீர்மானம் மட்டும் காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா ஊர் சொன்னது காகிதத்துல இருந்துச்சு.

கூட்டம் சேர்றதுதான் கஷ்டம். 500 பேர் வரைக்கும் உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரைக்கும் 100 பேர் வரணும். நூறு நாள் வேலைக்குப் போற பெண்கள் வந்தாத்தான் கணக்கு நிறையும். நெசவாளிக்குத் தறியை விட்டு இறங்கினா அன்னிக்குக் கூலி போச்சு. 2025 ஜனவரியில ஊராட்சித் தலைவர்கள் பதவிக்காலமும் முடிஞ்சு, நிர்வாகம் தனி அலுவலர் கைக்குப் போச்சு. தலைவர்னா டீக்கடையில பிடிச்சுக் கேட்கலாம். அலுவலருக்கு ஒன்றியம் முழுக்க ஊருங்க.

பள்ளி மேலாண்மைக் குழு கொஞ்சம் பரவாயில்ல. கல்வி உரிமைச் சட்டப்படி முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். முகூர்த்த சீசன்ல பிள்ளைங்க தார் சுத்த வீட்டுலயே நின்னுடறாங்கன்னு ஆசிரியர் சொன்னார். ஒரு அம்மா எழுந்து, "நாலு மணிக்கு மேல சுத்தட்டும் சார், காலையில நானே அனுப்பி வெக்கிறேன்"னாங்க. தறிக்காரர் வீட்டுலேர்ந்தே அந்த வார்த்தை வந்தது எனக்குப் பெரிசாப் பட்டுச்சு. அதுவும் எழுத்துல ஏறுச்சு.

அடுத்த கிராம சபை அக்டோபர் 2. சாயத்தண்ணித் தீர்மானத்தோட நகல் கேட்டு மனு எழுதி வெச்சிருக்கேன். தம்பியும் கையெழுத்துப் போட்டிருக்கார்.